டீ குடித்துவிட்டுப் போன ஸ்கேன்

நெஞ்செரிச்சலுக்காகத்தான் தருமபுரியில் வயிற்று ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி: பித்தப்பையில் 5 மி.மீ. பாலிப், அதாவது உள்சுவரில் ஒட்டியிருக்கிற சின்னப் புடைப்பு. எரிச்சல் பதினைந்து நாள் மாத்திரையில் அடங்கிவிட்டது. அந்த வரிதான் இரண்டு வருஷம் என்னோடு அலைந்தது.

வீட்டில் சொன்னதும் எல்லோரும் "கல்லா?" என்றார்கள். மச்சான் காரிமங்கலத்திலிருந்து வாழைத்தண்டோடு வந்து இறங்கினார். வாழைத்தண்டைச் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. எனக்கோ பித்தப்பை, அதிலும் கல்லே இல்லை. பொரியல் செய்து சாப்பிட்டோம்.

வித்தியாசத்தை ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவே காட்டியிருந்தார். "இடது பக்கம் திரும்பிப் படுங்கண்ணா" என்றார். கல்லாக இருந்தால் நான் புரண்டதும் அதுவும் உருளும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். என்னுடையது துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளையாக இருந்தது, நகரவே இல்லை. போர்த் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவின் உள்ளே உப்பு படிந்திருக்குமே, அப்படி. பெரும்பாலும் இது கொலஸ்ட்ரால் படிந்து உண்டாவது, புற்றுநோயாக மாறாது என்றார். சிலருக்கு மட்டும் நிஜக் கட்டியாக இருக்கலாம், ஸ்கேனில் இரண்டையும் எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார்.

ஆறு மாதம் ஆனபோது நான் கிருஷ்ணகிரியில் மகள் வீட்டில் இருந்தேன். மாங்காய் சீசன், ஊர் திரும்ப நேரமில்லை. பக்கத்திலேயே ஒரு சென்டருக்குப் போனேன். "வெறும் வயிறா?" என்று கேட்ட பெண்ணிடம், "டீ மட்டும்தாம்மா, ரெண்டு பிஸ்கட்" என்றேன். சரி என்று உள்ளே அனுப்பிவிட்டார். ரிப்போர்ட்டில் 7 மி.மீ.

அதை எடுத்துக்கொண்டு போன ஆஸ்பத்திரியில், வளர்ந்திருக்கிறது, அடுத்த வாரமே பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். பாலிப்பை மட்டும் கிள்ளி எடுக்க முடியாதாம், பையோடுதான் எடுக்க வேண்டும். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மகள்தான் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். அந்தக் குடல் சிகிச்சை டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டுப் போனீங்க?" கொழுப்புள்ளது எது உள்ளே போனாலும், பாலாகவே இருந்தாலும், பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்கு அனுப்பும். சுருங்கிய பையின் மடிப்பும் பாலிப் மாதிரியே தெரியும். அளப்பவரும் மெஷினும் மாறினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவதும் சகஜம். எனக்கு இரண்டுமே சேர்ந்துகொண்டன.

ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதும் ஒரேயடியாகத் தவறில்லை என்றார். 10 மி.மீ. ஆகிவிட்டால், உடம்பு தாங்கும் என்றால், எடுத்துவிடுவதுதான் வழக்கம். 6 முதல் 9 வரை இருந்தால் வயது அறுபது தாண்டியிருக்கிறதா, பாலிப் காம்பில்லாமல் சுவரோடு படிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். ஐரோப்பிய டாக்டர்கள் 2017-ல் போட்ட வழிகாட்டியில் இந்தியராக இருப்பதே ஒரு ஆபத்துக் காரணம். 2022-ல் அதையே ஆசியர் என்று மாற்றினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. 7 என்பது நிஜமானால் ஆபரேஷனைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், 5 என்றால் ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று பார்த்தால் போதும். இதைக் கரைக்க மாத்திரை கிடையாது என்பதையும் சொல்லிவிட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கே களி சாப்பிட்டுப் படுத்து, காலையில் பச்சைத் தண்ணீரோடு தருமபுரியில் அதே டாக்டரம்மாவிடம் போனேன். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை அளந்தார். 5 மி.மீ.

அப்புறம் இடம் மாற்றவே இல்லை. ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் தூக்கிப் போடுகிற பழக்கமும் போயிற்று. எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில், தேதி வாரியாக, பீரோவில் இருக்கிறது.

போன மாதம் இரண்டாம் வருஷ ஸ்கேன். அதே 5. "இனிமே இதுக்காக வர வேண்டாம், வலது விலாவுக்குக் கீழே வலியோ, மஞ்சள் காமாலையோ வந்தா மட்டும் வாங்க" என்றார் சேலத்து டாக்டர். வெளியே வரும்போது மணி பதினொன்று. எதிரே இருந்த கடையில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சொன்னேன்.