ஹாரிக்குத் தெரியாதது நமக்கும் தெரிய வேண்டாம்

ஹாரி பாட்டர் நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாக 2023 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. அறிவித்த நாளிலிருந்து, அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் ஊகிப்பதை ஒரு வேலையாகவே செய்துவருகிறார்கள். பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் வருமா, ஹாரியின் கண்கள் இம்முறையாவது பச்சையாக இருக்குமா, ஏழாம் புத்தகத்தின் முடிவை எழுதியபடியே எடுப்பார்களா என்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பதில் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதே அந்தப் பேச்சின் சுவை. 2025 மே மாதம் மூன்று முதன்மைப் பாத்திரங்களில் நடிக்கும் சிறார்களின் பெயர்கள் வெளியாகி, ஜூலையில் இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் தளத்தில் படப்பிடிப்பும் தொடங்கியபின் பேச்சு இன்னும் சூடு பிடித்தது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இந்த விவாதத்துக்கு இரண்டே பேர்: நானும், கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகளும். எங்கள் இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது என்பதால் மூன்றாமவர் தேவைப்படவில்லை.

ஊகிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும் கவலை, எதை வெட்டுவார்கள் என்பதுதான். 2001 முதல் 2011 வரை வந்த எட்டுப் படங்கள் நமக்குப் பழக்கிக் கொடுத்த கவலை அது. முதல் படத்திலேயே பீவ்ஸாக ரிக் மேயல் நடித்து, காட்சிகளும் படமாக்கப்பட்டு, பிறகு அவை முழுமையாக நீக்கப்பட்டன. மாயக் கல்லைக் காக்கும் தடைகளுள் பேராசிரியர் ஸ்னேப் வைத்த குப்பிப் புதிர், தருக்கத்தால் மட்டுமே அவிழ்க்கக்கூடியது, காணாமற்போனது. ஐந்தாம் புத்தகம் ஏழிலும் பெரியது. அதன் படமோ 138 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதையெல்லாம் பட்டியல் போட்டுப் புலம்புவது வாசகனின் பிறப்புரிமை, நானும் வேண்டிய மட்டும் புலம்பியிருக்கிறேன். ஆனால் வெட்டு என்பதே குற்றமில்லை. பாதி வெட்டுவதுதான் குற்றம்.

ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் அவனிடம் ஒரு சிறு பொட்டலம் கொடுக்கிறார். அதைப் பிரித்துப் பார்க்காமலே ஹாரி வைத்திருந்து, சிரியஸ் இறந்த பிறகு பிரிக்கும்போது உள்ளே இருப்பது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் இணைக் கண்ணாடி சிரியஸிடம் இருந்தது, அதன்வழி இருவரும் எப்போது வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். முன்பே பிரித்திருந்தால் சிரியஸ் பிழைத்திருப்பார் என்பது அந்தப் புத்தகத்தின் கடைசி அடி. திரைப்படம் இதை முழுவதுமாக விட்டுவிட்டது. விட்டதில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 2010இல் வந்த படத்தில் ஹாரியின் கையில் அந்தக் கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்று திடீரென்று இருக்கிறது, அதில் ஒரு நீலக் கண் தெரிகிறது, ஆபத்தில் அதுவே துணைக்கும் வருகிறது. புத்தகம் படிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதை இடைவேளையில் விளக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறானது க்ரீச்சரின் கதை. ஐந்தாம் படத்தின் திரைக்கதையிலிருந்து அந்தக் கிழட்டு வீட்டு வேலைக்கார எல்ஃபை எடுத்துவிட எண்ணியிருந்தார்கள். அப்போது ஏழாம் புத்தகம் வெளியாகவில்லை. எழுதிக்கொண்டிருந்த ரோலிங், அவனை விட்டுவிட்டால் பின்னால் சிக்கிக்கொள்வீர்கள் என்று எச்சரித்ததால் அவன் தப்பினான். முடிவு வரை தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்ததால் அந்த இழை அறுபடவில்லை. இன்று ஏழு புத்தகங்களும் எல்லார் கையிலும் இருக்கின்றன. எந்த இழை எங்கே முடிகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே பாதி வெட்டும் தவறு இந்தத் தொடரில் நிகழ வாய்ப்பு குறைவு.

முழுவதுமாக வெட்டுவது எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் உண்டு. பொன்னியின் செல்வன் 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்தபோது, வசனம் எழுதிய ஜெயமோகன் நாகர்கோவிலில் வசிப்பவர் என்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் அந்த விவாதம் சற்று உரிமையோடே நடந்தது. நாவலில் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் பிள்ளை அல்லன். பூக்கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன், முடிவில் உத்தம சோழனாக முடிசூடுபவனும் அவனே. திரைப்படத்தில் சேந்தன் அமுதன் உண்டு, ஆனால் அந்தப் பிறப்பு ரகசியம் இல்லை, மதுராந்தகனே முடிசூடிக்கொள்கிறான். நாவலை வரிவரியாக அறிந்தவர்களுக்கு இது ஆறாத வருத்தம். ஆனாலும் வேரோடு பிடுங்கியதால் எங்கும் ஓட்டை தெரியவில்லை. படிக்காதவர்கள் எதுவும் குறைவதாக உணரவில்லை. எனக்கு அந்த மாற்றத்தில் விருப்பமில்லை, ஆனால் வேலை தெரிந்தவர்கள் செய்த மாற்றம் என்பதை மறுக்க முடியாது.

இனி என் கவலைக்கு வருகிறேன். திரைப்படத்துக்கு நேரம் போதவில்லை. தொடருக்கு நேரம் மிஞ்சும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பருவம் என்றும், மூலத்துக்கு உண்மையாக எடுப்போம் என்றும் சொல்கிறார்கள். பொறுப்பேற்றிருக்கும் பிரான்செஸ்கா கார்டினரும், பல பகுதிகளை இயக்கும் மார்க் மைலாடும் அனுபவசாலிகள். எனவே எதை விடுவார்கள் என்று கேட்பதைவிட, எதைச் சேர்ப்பார்கள் என்று கேட்பதே இப்போது பொருத்தம். சேர்க்க நினைக்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது, புத்தகத்தில் ஹாரி இல்லாத இடங்கள்தாம்: ஆசிரியர்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், தலைமையாசிரியர் டம்பிள்டோர் தனியாக இருக்கும்போது எப்படி இருந்தார், ஸ்னேப் இரவில் என்ன செய்தார். ரசிகர்கள் இவற்றைக் கேட்டு ஏங்குகிறார்கள். எனக்கோ இவற்றை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஏனென்றால் அந்த நாவல்களின் கட்டுமானமே, ஹாரிக்குத் தெரிந்ததற்கு மேல் வாசகனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதுதான். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயம் ஹாரியைப் பின்னால் வளர்க்கும் வெர்னான் மாமாவோடு தொடங்குகிறது. நான்காவதும் ஆறாவதும் ஏழாவதும் ஹாரி இல்லாத இடத்தில் தொடங்குகின்றன. இவற்றைப் போன்ற சில விலக்குகளைத் தவிர, நாம் அந்தப் பையனின் மூக்குக்கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் பார்க்கிறோம். அவன் ஸ்னேப்பைச் சந்தேகித்தால் நாமும் சந்தேகிக்கிறோம். அவன் தவறாகக் கேட்டால் நாமும் தவறாகவே கேட்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு இதன் மறுபக்கம் நன்றாகப் பழக்கம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் கள்ளியங்காடு நாகர்கோவிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பழிவாங்க வந்த நீலி, ஒரு கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் கூடிய இடத்துக்கு வந்து, இந்த வணிகன் என் கணவன் என்று அழுகிறாள். அவன் இல்லை என்று கதறுகிறான். குழந்தையைக் கீழே விட்டதும் அது தவழ்ந்து போய் அவனை அப்பா என்கிறது. பெரியவர்கள் நீலியை நம்பி, இரவு அவனை அவளோடு அனுப்பி வைக்கிறார்கள். இந்த இடத்தில், பாட்டை நடத்தும் அண்ணாவி வில்லை அடிக்கும் வீசுகோலை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். பந்தலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள், "ஐயோ, அனுப்பாதீங்க" என்று முணுமுணுப்பார்கள். அந்தக் குழந்தை கள்ளிக்கொப்பு என்பது கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரியும், சபைக்கு மட்டும் தெரியாது. அச்சமெல்லாம் அந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. அண்ணாவி நாட்டு வளத்தை நீட்டலாம், நடுவில் சிரிக்க வைக்கலாம், சாமி வர நேரமானால் கதையை விடியும் வரை இழுக்கலாம். கள்ளிக்கொப்பை ஒடிக்கும் இடத்தை மட்டும் பின்னுக்குத் தள்ள மாட்டார். தள்ளினால் கதை வேறாகிவிடும் என்பது முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தெரியும், அவர்கள் சும்மா விடவும் மாட்டார்கள்.

ஹாரியின் கதை இதற்கு எதிர்த்திசையில் கட்டப்பட்டது. அங்கே கள்ளிக்கொப்பு கடைசியில்தான் தெரிய வேண்டும். முதல் புத்தகத்தில், துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச் ஆட்டத்தின் நடுவே ஹாரியின் துடைப்பம் அவனை உதறித் தள்ளப் பார்க்கிறது. ஸ்னேப் கண் இமைக்காமல் எதையோ முணுமுணுப்பதை ஹாரியின் தோழி ஹெர்மயனி தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, அவருடைய அங்கிக்குத் தீ வைக்க ஓடுகிறாள். ஓடும் வழியில் பேராசிரியர் குவிரலை இடித்துத் தள்ளிவிட்டு, மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் போகிறாள். ஒரே வரி. துடைப்பத்தைச் சபித்தவர் குவிரல், அந்த இடியில்தான் அவருடைய பார்வை அறுபட்டது, ஸ்னேப் காப்பாற்றவே முணுமுணுத்தார் என்பதெல்லாம் கடைசி அத்தியாயத்தில்தான் தெரியவருகிறது. திரும்பிப் போய்ப் படித்தால் அந்த வரி அங்கேயே, எல்லார் கண்முன்னும் கிடக்கிறது.

அதன் பிறகு காட்டில் நடக்கும் பேச்சு இன்னும் நேர்த்தியானது. ஸ்னேப் குவிரலை மிரட்டுவதை ஹாரி ஒரு மரக்கிளையில் ஒளிந்திருந்து கேட்கிறான். முக்கியமான சொல் வரும் நேரத்தில் ஓர் ஆந்தை உரக்கக் கத்துகிறது. ஹாரி கிளையிலிருந்து விழப்போய்ச் சமாளித்துக்கொள்வதற்குள் வாக்கியத்தின் முன்பாதி போய்விடுகிறது. அவனுக்குக் கிடைப்பது பின்பாதி மட்டுமே, அதை வைத்து அவன் தவறான முடிவுக்கு வருகிறான், நாமும் அவனோடு வருகிறோம். ஓர் ஆந்தையால் ஒரு நாவலின் மர்மத்தைக் காப்பாற்றியிருக்கிறார் ரோலிங். 152 நிமிடங்களுக்குள் அடைக்கப்பட்ட முதல் படம் காட்டையும் ஆந்தையையும் விட்டுவிட்டது. ஆனால் அதே மிரட்டலைக் கோட்டைக்குள் வைத்து, உருவை மறைக்கும் மாயப் போர்வைக்குள் நிற்கும் ஹாரியின் கண்வழியாகவே காட்டியது. நான் படத்தை எவ்வளவு குறை சொன்னாலும் இந்த இடத்தில் கைதட்டுவேன்.

அதே படத்தில் இன்னொரு மாற்றம் உண்டு. புத்தகத்தில் மதுக்கடையில் ஹாரியைச் சந்திக்கும் குவிரல் அவன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். படத்தில் அவர் அப்போதே தலைப்பாகையோடு இருக்கிறார் (கதையின் வில்லன் வோல்டமார்ட் ஒளிந்திருப்பது அதற்குள்தான்), ஹாரி நீட்டிய கையைத் தொடாமல் ஒதுங்குகிறார். அன்று அதைக் கூச்சம் என்று எண்ணுகிறோம். ஹாரியைத் தொட்டால் அவர் வெந்துபோவார் என்பது முடிவில் தெரியும்போது, அந்தத் தயக்கம் வேறு பொருள் பெறுகிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று, ஆனால் புத்தகத்தின் விதிக்குள் நின்று செய்தது. இப்படிப்பட்ட மாற்றங்களை எத்தனை வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஸ்னேப்பாக நடிக்கும் கறுப்பின நடிகர் பாப்பா எஸ்ஸியடுவைப் பற்றிய கூச்சலில் பெரும்பகுதியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதில் உருப்படியான செய்தி வயதுதான். முதல் படம் வந்தபோது ஆலன் ரிக்மனுக்கு 55 வயது. புத்தகத்தின் தொடக்கத்தில் ஸ்னேப்புக்கு 31 தான். அவரோடு படித்த ஹாரியின் பெற்றோர் இறக்கும்போது அவர்களுக்கு 21 வயது. 1990இல் பிறந்த எஸ்ஸியடு அந்த வயதுக்கு மிக அருகில் இருக்கிறார். நரை தட்டியவரின் பழைய கசப்பாக நாம் பார்த்தது, பத்து ஆண்டுகளுக்கு முன் பட்ட காயத்தை இன்னும் சொறிந்துகொண்டிருக்கும் இளைஞனின் கோபமாக மாறும். இது நல்ல மாற்றம். மாற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது, புத்தகத்துக்குத் திரும்புதல்.

என் மருமகள் இவ்வளவையும் கேட்டுவிட்டு மடக்கினாள். "மாமா, அப்பம் ஹெர்மயனி அப்பா அம்மையோட நெனப்ப அழிக்கியது? அதை ஹாரி எங்க பாத்தான்?" என்றாள். அவள் சொன்னது சரி. புத்தகத்தில் ஹெர்மயனி அதைப் பேச்சுவாக்கில் சொல்வதோடு சரி. 2010 படமோ அவள் பெற்றோரின் பின்னால் நின்று மந்திரக்கோலை நீட்டுவதையும், சுவரில் இருக்கும் புகைப்படங்களிலிருந்து அவள் உருவம் ஒவ்வொன்றாக மறைவதையும் காட்டுகிறது. எட்டுப் படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை அதுதான். ஆனால் அங்கே எந்த ரகசியமும் உடையவில்லை; ஒரு துயரம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். துயரத்தைக் காட்ட ஹாரியை விட்டு விலகலாம், ரகசியத்தைக் காட்ட விலகக்கூடாது என்று நான் வகுத்த விதியை அவள் ஏற்கவில்லை. ஹாரியின் அம்மாவை நேசித்து இழந்த ஸ்னேப்பின் துயரமும் ரகசியமும் ஒன்றுதானே, எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டாள். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் அந்தக் காட்டுக் காட்சியின் மேல் பந்தயம் கட்டினோம். தோற்பவர் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கித் தர வேண்டும். கேமரா மரத்தின் மேல் ஹாரியோடு இருக்காது, கீழே இறங்கி ஸ்னேப்பின் முகத்துக்கு அருகில் போய் நிற்கும் என்பது என் பக்கம். மேலேயே இருக்கும், ஆந்தையும் கத்தும் என்பது அவள் பக்கம். கேமரா கீழே இறங்கினாலும் காதை மட்டும் மரத்தின் மேலேயே விட்டுவைத்தால், அதாவது உதடு அசைவதைக் காட்டி ஆந்தைச் சத்தத்தால் சொல்லை மறைத்தால் யாருக்கு வெற்றி என்று கேட்டாள். ஆளுக்கு அரைக் கிலோ என்று முடிவானது.