ஹார்ப்சிகார்டுக்கும் ஒரு நாள்

பரோக் இசை (ஐரோப்பாவின் 17, 18-ஆம் நூற்றாண்டு இசை) என்றால் எல்லோருக்கும் வயலின்தான். எனக்கோ, இசைக்கு அடியில் நிற்காமல் ஓடுகிற பாஸ் வரி, அதாவது கீழ்ஸ்தாயி வரி. வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ அதை வாசிக்கும். பியானோ மாதிரி கட்டைகள் உள்ள பழைய வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசிப்பவருக்கு அந்த வரியோடு 6, 7 என்று சில எண்களை மட்டும் எழுதித் தருவார்கள். அதை வைத்து மேலே என்ன நிரப்புவது என்பது அவர் பாடு! வாத்தியமோ, விரலை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடாது. உள்ளே தந்தியைச் சுண்டுவதோடு சரி. பாவம், பெரும்பாலும் பின்னணியிலேயே கிடக்கும்.

ஆனால், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1721-இல் பிராண்டன்பர்க் இளவரசருக்கு அர்ப்பணித்த ஆறு கான்செர்ட்டோக்களில் (தனி வாத்தியங்களும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) ஐந்தாவதைக் கேளுங்கள். முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் மற்ற வாத்தியங்களெல்லாம் வாயை மூடிக்கொள்ள, ஹார்ப்சிகார்ட் மட்டும் மூன்று நிமிடம் போலத் தனி ஆவர்த்தனம் பொழிந்து தள்ளும். ஹெட்போனில் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.