நிருபர் வேலையை விட்டு வேட்புமனு போட்ட கதை

பத்திரிகைக்காரர்கள் அரசியலுக்குப் போவது நம் ஊரில் புதிதல்ல. அண்ணா ‘திராவிட நாடு’ நடத்தினார், கலைஞர் ‘முரசொலி’ நடத்தினார். தூதர்களாகப் போனவர்களும் உண்டு. ‘தி இந்து’வில் உதவி ஆசிரியராக இருந்த ஜி. பார்த்தசாரதி சீனாவிலும் பாகிஸ்தானிலும் இந்தியத் தூதராக இருந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி கொழும்புக்கு அனுப்பிவைத்ததும் அவரைத்தான். டெல்லிப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் 1990இல் லண்டனுக்கு ஹை கமிஷனராகப் போனார், 1997இல் ராஜ்யசபா நியமன எம்.பி. ஆனார். அந்த இருவருக்கும் டெல்லியில் இருந்து அழைப்பு வந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றேன். நம் பத்திரிகைக்காரர்களில் இரண்டொருவர் “எப்படிண்ணே நின்னீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

தனியார் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டே நிற்கச் சட்டத்தில் தடை கிடையாது. ஆனால் காலையில் ஓட்டுக் கேட்டுவிட்டு மாலையில் எதிர் வேட்பாளரின் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போக முடியுமா? ராஜினாமா கொடுத்து, அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் என்றால் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். இத்தனை வருடம் நிருபராகத் திரிந்தவனுக்குப் பத்துக் கையெழுத்து பெரிய விஷயமா என்றுதான் தோன்றும். ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கட்சியில் இருந்தார்கள். மீதிப் பேர் “உனக்கு ஓட்டு உண்டு தம்பி, கையெழுத்து மட்டும் வேணாம்” என்றார்கள். கடை வைத்திருப்பவர்களின் பயம் நியாயமானது. வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் ஒவ்வொருவருக்கும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் எதிர்ச்சாரி வீடு பக்கத்துத் தொகுதியில் இருக்கும்.

டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு அதில் பாதி. தேர்தல் செலவுக்கென்று தனியாக வங்கிக் கணக்கு ஒன்று, மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது திறந்திருக்க வேண்டும்.

உண்மையான வேலை படிவம் 26தான். நோட்டரி முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் அது. ஐந்து வருட வருமானம், பான் எண், கையிருப்பு, கடன், வீட்டை வாங்கிய விலை, இன்றைய மதிப்பு, சோஷியல் மீடியா கணக்குகள் வரை எல்லாம் உண்டு. மனைவியின் கணக்கும் சேர்த்து. “நீங்க நிக்கிறதுக்கு என் நகையை எதுக்கு எழுதணும்?” என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி சரிதான், ஆனால் கிராம் கணக்கோடு எழுதியாக வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுத வேண்டும். மறுபடி மறுபடி ‘இல்லை’ எழுதி எனக்கு என் மேலேயே பரிதாபம் வந்துவிட்டது. தாக்கல் செய்ததும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்தவர் பிரமாணப் பத்திரத்தை வைத்து நான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். இப்போது என்னுடையதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் போன் செய்து, “ஏம்பா, உன் பைக் இன்னும் லோன்லயா இருக்கு?” என்றார்கள்.

அடுத்தது வழக்கு. நான் எழுதிய ஒரு செய்திக்காக என் மேல் அவதூறு வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தது. நம் தொழிலில் அது சாதாரணம். ஆனால் அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகளில் வந்ததால் படிவத்தில் அது குற்ற வழக்கு. 2018இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, நிலுவையில் வழக்கு உள்ள வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் பிரச்சார நாட்களில் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். படிவம் சி-1 என்று பெயர், எழுத்தின் அளவு வரை சொல்லியிருக்கிறார்கள். செலவும் நம்முடையது, அது தேர்தல் செலவுக் கணக்கிலும் ஏறும். செய்தி எழுதிச் சம்பளம் வாங்கியவன், தன்னைப் பற்றிய செய்திக்குக் காசு கட்டி, ரசீது வாங்கி ஃபைல் செய்தேன். விளம்பரம் வந்த அன்று ஓட்டுக் கேட்டுப் போன தெருவில் ஒரு பெரியவர், “என்ன தம்பி, அடிதடியா?” என்றார். “இல்லீங்கய்யா, பேப்பர்ல எழுதினதுக்கு” என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதிக் கொடுக்கலாம். பேனா முள்ளும் ஏழு கதிர்களும் பட்டியலில் இருந்தது, அதை முதலில் எழுதினேன். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டிருந்ததால் குலுக்கல் போட்டார்கள், எனக்கு அலமாரி வந்தது. மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. சின்னம் கையில் கிடைத்த பிறகு நோட்டீஸ் அடித்து, முந்நூறுக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள் உள்ள தொகுதி முழுக்க அலமாரியைக் கொண்டுபோக அவ்வளவுதான் நேரம். நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி இல்லாவிட்டால் அது தனி வழக்கு. ஏற்கெனவே ஒன்று போதும் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

மே 2ஆம் தேதி கொரோனா பரிசோதனைச் சான்றோடு எண்ணும் மையத்துக்குப் போனேன். நிருபராக இருந்தவரை ஊடக அறையில் உட்கார்ந்து சுற்று முடிவுக்குக் காத்திருப்போம். வேட்பாளருக்கு உள்ளேயே இடம் உண்டு. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றால், அதிகாரி வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்தி ஒவ்வொரு எண்ணாகக் காட்டுவது தெரியும். என் வரிசை எண் பட்டியலின் அடிப்பக்கம், அது வருவதற்குள் மற்ற முகவர்கள் எழுதி முடித்து அடுத்த கருவிக்குத் தயாராகிவிடுவார்கள். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். அந்தப் பேச்சே எழவில்லை. நோட்டா என்னைவிட நிறைய வாங்கியது.

தோற்றவர்கள் பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள், அது ஆபத்து. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். சரியான காரணமில்லாமல் கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கத் தகுதி நீக்கம் செய்யலாம். பிரச்சாரத்தின்போதே தினசரிப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி, செலவினப் பார்வையாளர் அழைக்கும்போதெல்லாம் காட்டியிருந்தால் கடைசியில் அலைச்சல் இல்லை. டீச் செலவுக்குக்கூட பில் வாங்குங்கள், கொடுக்க மாட்டேன் என்பார்கள், நின்று வாங்குங்கள். கணக்கு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் யோசனை இருந்தால் ஒன்று: அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், படிவங்கள் வேறு. இதை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.