மாடி ஷீட்டும் ஒரு டாக் பெட்டியும்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. வெயில் காலத்தில் கூரைக்கு அடியில் எத்தனை டிகிரி ஏறுகிறது, கடல் காற்று இறங்கியதும் எவ்வளவு குறைகிறது என்று பதிவு செய்து பார்க்க ஆசை. ரிச்சி தெருவில் எல்எம்35 சென்சார்கள் வாங்கினேன்; வெப்பநிலையை வோல்டேஜாகத் தருபவை. நண்பர் தந்த பழைய என்ஐ (நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்) யுஎஸ்பி-6008 பெட்டி அந்த வோல்டேஜை அளந்து கணினிக்கு அனுப்புகிறது. டாக் (டேட்டா அக்விசிஷன்) பெட்டி என்பது இதுதான். நிரல் பைதானில்.

பெட்டியைப் பைதானிலிருந்து இயக்கும் நிடாக்எம்எக்ஸ் நூலகம், பைதானின் நிறுவும் கருவியான பிப் போட்டால் சட்டென்று இறங்கிவிடும். ஆனால் உண்மையில் பெட்டியோடு பேசுவது என்ஐ-டாக்எம்எக்ஸ் டிரைவர். அதைத் தனியாக நிறுவ வேண்டும். பெரிய டவுன்லோடு, இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். அப்புறம் எல்லாம் எளிது. ஒரு டாஸ்க் (அளக்கும் வேலை) திறந்து, சேனலை (அளக்கும் உள்ளீட்டை) சேர்த்து, ரீட் என்றால் வோல்டேஜ் வந்து நிற்கிறது.

வயர் குறைவு என்பதால் முதலில் சிங்கிள் எண்டட் முறையில், அதாவது கிரவுண்டை ஒப்பிட்டு ஒரே வயரின் வோல்டேஜை அளக்கும்படி இணைத்தேன். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரியாகத் தாவியது. காரணம் கணக்கில் இருக்கிறது. எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். இந்த முறையில் பெட்டியின் வீச்சு -10 முதல் +10 வோல்ட் வரை, அதுவும் 11 பிட்தான், அதாவது 2048 படிகள். 20 வோல்ட்டை 2048 ஆக வெட்டினால் ஒரு படி சுமார் 9.8 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட ஒரு டிகிரி!

இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் முறையில் 12 பிட் (4096 படிகள்) கிடைக்கும், வீச்சையும் சுருக்கலாம். சென்சாரின் அவுட்புட் பெட்டியின் ஏஐ0 உள்ளீட்டுக்கு, அதன் கிரவுண்ட் ஏஐ4-க்கும் பெட்டியின் கிரவுண்டுக்கும். சேனல் சேர்க்கும் வரியில் மின்_வால் (min_val, குறைந்தபட்ச வோல்ட்) -1, மேக்ஸ்_வால் (max_val, அதிகபட்ச வோல்ட்) 1. இந்த இரண்டு எண்களைப் பலர் ஒப்புக்கு நிரப்புகிறார்கள். எந்த வீச்சில் அளப்பது என்று பெட்டிக்குச் சொல்வதே அவைதான். இப்போது ஒரு படி அரை மில்லிவோல்ட், அதாவது 0.05 டிகிரி. சென்சாருக்கே அவ்வளவு துல்லியம் கிடையாது, சரி. ஏற்ற இறக்கம் தெரிந்தால் எனக்குப் போதும்.

நீள வயர் கரண்ட் இரைச்சலையும் இழுத்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. விநாடிக்கு 1000 வீதம் 100 மாதிரி எடுத்தால் சரியாக ஐந்து முழுச் சுற்று. அதன் சராசரியில் இரைச்சலின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. 90 எடுத்தால் அரைச் சுற்று மிஞ்சி, அளவு ஆடும்.

"வெயிலுன்னு சொல்றதுக்கு இவ்ளோ ஒயராடா?" என்றார் அம்மா. வரைபடத்தைக் காட்டினேன். மதியம் கடல் காற்று வந்ததும் நிழலில் வைத்த சென்சாரின் கோடு உடனே மடங்குகிறது, ஷீட்டுக்கு அடியில் இருப்பது வெகு நேரம் கழித்துத்தான் அசைகிறது. "அதுக்குத்தான் நாலு மணி வரைக்கும் மேல போகாதன்னு சொல்றேன்" என்றார்.

டிஃபரன்ஷியலில் மொத்தம் நாலு சேனல்தான். இரண்டு போய்விட்டது. மூன்றாவதைக் கீழ்வீட்டுக் கூடத்துக்கு இழுக்கப் போகிறேன்.