சார்ஜரைச் சுட்டது ஜெனரேட்டர்

மின்கம்பி எட்டாத இடத்தில் குடியிருக்கிறோம். விளக்குகள் 12 வோல்ட் பேட்டரிகளில் எரிகின்றன. பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டி, சார்ஜர் மூலம் அவற்றுக்கு மின்சாரம் ஏற்றுவோம். ஒரு மாலை சார்ஜரில் எந்த விளக்கும் எரியவில்லை. புதியது வாங்கிவிடலாம் என்றார்கள் வீட்டில். பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதியதை அதே ஜெனரேட்டரில் செருக எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் சில சார்ஜர்கள் வேலையைத் தொடங்கவே மறுக்கும். எங்கள் பேட்டரியில் 11.9 வோல்ட் இருந்தது. காரணம் அதுவல்ல.

ஜெனரேட்டரில் பல்பை மாட்டியதும் சந்தேகம் வந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசியது. பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் 262 வோல்ட், 57 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 57 அலைவு)! வர வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த வகை இரட்டைத் துருவ ஜெனரேட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் என்பது கணக்கு. அப்படியானால் எஞ்சின் 3420 சுற்றில் ஓடியிருக்கிறது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏ.வி.ஆர். இதில் கிடையாது என்பதால், வேகம் ஏறினால் வோல்ட்டும் ஏறும். தண்ணீர் மோட்டாரை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். நிறுத்திய கணத்தில் எண் 300-ஐத் தாண்டி எகிறி இறங்கியது. மீட்டர் நிதானமாகக் காட்டும் கருவி. உண்மையான உச்சம் இன்னும் மேலே போயிருக்கும்.

எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் இணைப்புக் கம்பி துருவேறி இறுகியிருந்தது. துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டு, லோடு (மின்சுமை) இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வரும்படி திருகைச் சரிசெய்தேன். லோடு ஏறியதும் அது 50-க்கு அருகில் இறங்கிவிடும்.

அதன் பிறகே சார்ஜரைத் திறந்தேன். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வடிந்துவிட்டதை மீட்டரில் உறுதிசெய்யாமல் கை வைக்கக் கூடாது. ஃபியூஸ் கருகியிருந்தது, அதன் பக்கத்தில் வேரிஸ்டர் வெடித்துப் பிளந்திருந்தது. மிகை மின்னழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பதுதான் அந்தச் சின்ன வில்லையின் வேலை. அது செத்ததால், மாறுமின்சாரத்தை ஒருதிசையாக்கும் ரெக்டிஃபையரும், ஸ்விட்சாக வேலைசெய்யும் டிரான்சிஸ்டரும் பிழைத்தன. அளந்து பார்த்ததில் எதிலும் ஷார்ட் (குறுக்குச்சுற்று) இல்லை.

ஃபியூஸ், வேரிஸ்டர் இரண்டையும் அதே அளவில் மாற்றினேன். உடனே நேரடியாகச் செருகவில்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு முறை பளிச்சிட்டு மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்ததும் பேட்டரி முனைகளில் வோல்ட் ஏறத் தொடங்கி, 14.4-இல் நின்றது.

சார்ஜர் ஓடும்போது இப்போதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் போட விடுவதில்லை. குளிக்கும் நேரம் தள்ளிப்போகிறது என்று வீட்டில் முணுமுணுக்கிறார்கள்.