பின் இருக்கையின் 43.5 பாகை

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, மியூனிக் விமான நிலையத்தில் இறங்கிய என்னை ஸ்டுட்கார்ட்டுக்கு அழைத்துச் செல்ல, அலுவலகம் ஏற்பாடு செய்திருந்த வாடகை வண்டி வாசலில் வந்து நின்றது. வழக்கமாக வருவது ஈ கிளாஸ். அன்று வந்தது மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ், அதிலும் நீளம் கூடிய வடிவம். ஏறத்தாழ 5.29 மீட்டர் நீளமுள்ள அந்தக் காரின் பின் இருக்கையில் நான் அமர்ந்து கதவு மூடியதும் முதலில் என் கண்ணில் பட்டது தோலுறையோ மரவேலைப்பாடோ அல்ல. இருட்டில் ஒளிர்ந்துகொண்டிருந்த சீட் பெல்ட்டின் கொக்கிதான். பையோடும் மேல்கோட்டோடும் அமர்ந்திருப்பவர் அதைத் தேடித் துழாவ வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த வெளிச்சம் என்பது விளங்க எனக்குச் சில நொடிகள் பிடித்தன. நான் பெல்ட்டை மாட்டிய ஓசையைக் கேட்ட பிறகே ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார்.

ஏ 8 நெடுஞ்சாலையில் உல்ம் நகரைக் கடக்கும் வரை நான் அந்தக் கொக்கியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையாகாது. இந்தக் காரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் விலையையும் வசதிகளையும் அடுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வரிசையில் சொகுசும் பாதுகாப்பும் ஒன்றையொன்று எப்படி இடித்துக்கொண்டும் இணைந்தும் வந்திருக்கின்றன என்பதே எழுதத் தக்க செய்தியாகத் தோன்றுகிறது.

பின் இருக்கையையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் அறிமுகமான எஸ் கிளாஸில், கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பின் இருக்கை ஒன்றின் முதுகுப் பகுதி 43.5 பாகை வரை சாயும். காலை நீட்டிக்கொள்ளத் தாங்கியும் உண்டு. படுத்தவாறு பயணம் செய்வது சுகம்தான், ஆனால் பொறியாளரின் பார்வையில் அது ஒரு பெரிய சிக்கல். சீட் பெல்ட் என்பது நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட கருவி. சாய்ந்திருப்பவர் நேருக்கு நேர் மோதலில் சிக்கினால், அவருடைய உடல் பெல்ட்டின் அடியில் முன்னோக்கி நழுவும். அப்போது பெல்ட் எலும்பை விட்டு மென்மையான வயிற்றின் மீது ஏறி உள்ளுறுப்புகளை நசுக்கிவிடும். சாயும் இருக்கையைக் கைவிடுவது எளிய தீர்வு. சாய்ந்திருக்கும்போது பெல்ட் முழுமையாகக் காக்காது என்று கையேட்டில் ஓர் எச்சரிக்கையை அச்சிடுவது அதைவிட எளிது. மெர்சிடிஸ் பொறியாளர்கள் இரண்டையும் செய்யாமல், இருக்கையின் அமரும் மெத்தைக்கு அடியில், அதன் முன்விளிம்பை ஒட்டி ஓர் ஏர்பேக்கைப் பொருத்தினார்கள். மோதும் கணத்தில் அது விரிந்து தொடைப் பகுதியை மேலே தூக்குவதால் இடுப்பு முன்னே நழுவாமல் தடுக்கப்படுகிறது. ஒரு சுகத்தை வழங்கியதால் பிறந்த ஆபத்தை அந்தச் சுகத்துக்குள்ளேயே அடைத்துவிட்ட இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தச் சிந்தனைக்கு வேர் பழையது. 1939-இல், மெர்சிடிஸ் கார்களைத் தயாரித்த டைம்லர் பென்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த ஆஸ்திரியரான பேலா பாரேனி, கார் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை நிலவிய காலத்தில் அதை மறுத்தார். முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி மோதலின் ஆற்றலை உள்வாங்க வேண்டும், நடுவிலுள்ள பயணிகள் கூடு மட்டுமே உறுதியாக நிற்க வேண்டும் என்ற அவருடைய காப்புரிமை விண்ணப்பம் 1951-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது 1959-இல், பின்புறம் மீன்துடுப்புப் போன்ற வடிவம் கொண்ட டபிள்யூ 111 வரிசையில் (ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறுவனம் தரும் உள்குறியீடு இது) நடைமுறைக்கு வந்தது. இன்றைய எஸ் கிளாஸின் முன்னோர் அந்தக் கார்தான். விபத்தைத் தவிர்க்க உதவும் பாதுகாப்பு, விபத்து நேர்ந்தபின் உயிர்காக்கும் பாதுகாப்பு என்று அந்நிறுவனம் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் 1960-களில்தான். முதல் வகையில் ஓட்டுநரின் உடல்நிலையும் அடக்கம்: முதுகு வலிக்கும் ஓட்டுநர், இரைச்சலால் களைத்த ஓட்டுநர், வியர்வையில் நனைந்த ஓட்டுநர் தாமதமாகவே பிரேக்கை மிதிப்பார். அந்தக் கணக்கில் நல்ல இருக்கையும் அமைதியான உட்புறமும் ஆடம்பரம் அல்ல.

எஸ் கிளாஸ் என்ற பெயர் முறைப்படி சூட்டப்பட்டது 1972-இல் வந்த டபிள்யூ 116-க்கு. ஸ்டுட்கார்ட்டிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு எப்போது போனாலும் அந்தத் தலைமுறையை நினைக்காமல் நான் திரும்புவதில்லை. 1978-இல் போஷ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய மின்னணு ஏபிஎஸ் அந்தக் காரில்தான் விற்பனைக்கு வந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங்குக்குக் கார் கட்டுப்படாது; ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் உணர்ந்து பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கினால், முழு பலத்தோடு பிரேக் பிடித்துக்கொண்டே தடையைச் சுற்றி ஒதுங்கிச் செல்லலாம். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் இந்த எண்ணம் இவர்களிடம் முதலில் தோன்றியதல்ல. 1966-லேயே ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் விமானங்களிலிருந்து வந்த ஒரு இயந்திர அமைப்பு இருந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1971-இல் ஒன்றை விற்றது. ஏர்பேக்கையும் ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களிலேயே விற்றுப் பார்த்துக் கைவிட்டிருந்தது. மும்முனை சீட் பெல்ட்டோ வால்வோவின் நில்ஸ் போலின் 1959-இல் உலகுக்கு அளித்தது. 1981-இல் டபிள்யூ 126-இல் ஏர்பேக்கைக் கொண்டுவந்தபோது, அது பெல்ட்டுக்கு மாற்று அல்ல, பெல்ட்டோடு சேர்ந்து இயங்கும் துணை என்று வகுத்ததுதான் இவர்களுடைய பங்களிப்பு என்பேன். இன்று உலகம் முழுவதும் நிலைத்திருப்பது அந்த ஏற்பாடுதான்.

அதே டபிள்யூ 126 இன்னொரு வகையிலும் முக்கியமானது. 1969 முதல் அந்நிறுவனத்தின் விபத்து ஆய்வுக் குழுவினர், தங்கள் கார்கள் சிக்கிய உண்மையான விபத்துகளை நேரில் சென்று அளந்து வந்தனர். சாலையில் இரண்டு கார்கள் முழு முகப்போடு மோதுவது அரிது, பெரும்பாலும் ஒரு பக்கத்து முகப்பு மட்டுமே மோதுகிறது என்பது அதில் தெரிந்தது. எனவே முகப்பின் ஒரு பாதி மட்டும் மோதினாலும் விசை பல வழிகளில் பிரிந்து ஓடும்படி அந்தக் காரின் உடற்கூட்டை அமைத்தார்கள். இதை எந்த விளம்பரப் படத்திலும் காட்ட முடியாது. உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது.

1991-இல் வந்த டபிள்யூ 140 அளவுமீறிப் பெரியது என்று அப்போதே பழிக்கப்பட்டது. ஜெர்மனியின் வடகோடியிலுள்ள சில்ட் தீவுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலுக்கே அது அகலமாகிவிட்டது என்ற பேச்சு இங்கு இன்றும் அடிபடுகிறது. ஆனால் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள், தானே இழுத்து மூடிக்கொள்ளும் கதவுகள் ஆகியவற்றோடு அது தந்த அமைதிக்கு ஈடான காரை நான் அந்தக் காலத்துக் கார்களில் கண்டதில்லை. அதன் இருகதவு வடிவத்தில்தான் 1995-இல் ஈஎஸ்பி அறிமுகமாயிற்று. மெர்சிடிஸ் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர் மோன் 1989-இல் சுவீடனின் பனிச்சாலையில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கி மீட்பு வண்டிக்காகக் காத்திருந்தபோது, கார் தன்னச்சில் சுழல்வதை அளக்கும் உணரியை ஏபிஎஸ்ஸோடு இணைத்தால் என்ன என்று எண்ணியதாகச் சொல்வார்கள். போஷில் அந்தப் பணியை முன்னின்று நடத்திய அன்டன் வான் ஸான்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. ஓட்டுநர் திருப்ப நினைக்கும் திசைக்கும் கார் உண்மையில் திரும்பும் திசைக்கும் வேறுபாடு தோன்றினால், உரிய ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக்கிட்டுக் காரை வழிக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தப் புதிய காரும் இது இல்லாமல் விற்கப்படுவதில்லை.

2002-இல் டபிள்யூ 220-இல் வந்த ப்ரீ சேஃப் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது. மோதல் நிகழ்வதற்கு முந்திய ஓரிரு நொடிகள் அதுவரை வீணாகிக்கொண்டிருந்தன. கார் சறுக்குவதையோ பதற்றமான பிரேக்கையோ உணர்ந்ததும் இந்த அமைப்பு பெல்ட்டுகளை மின்மோட்டாரால் இறுக்குகிறது, முன்பயணியின் இருக்கையைச் சரியான நிலைக்கு நகர்த்துகிறது, கூரைச் சன்னலை மூடுகிறது. விபத்து தவிர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் பழையபடி தளர்த்திவிடுகிறது. பிற்காலத்தில் இதனோடு ஓர் ஒலியும் சேர்ந்தது: மோதலுக்குச் சற்று முன் ஒலிபெருக்கிகளில் ஒரு சீரான இரைச்சல் எழும்ப, செவிக்குள் இருக்கும் சிறு தசை அனிச்சையாகச் சுருங்கி, அடுத்து வரப்போகும் பேரோசையிலிருந்து உட்செவியைக் காக்கிறது. இசை கேட்பதற்காகப் பொருத்திய ஒலிபெருக்கியைக் கொண்டே காதைக் காக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

நான் பயணம் செய்தது 2020 செப்டம்பரில் வெளியான டபிள்யூ 223. அதன் வசதிகள் அனைத்தையும் எழுதப் பக்கங்கள் போதா. பின் சக்கரங்கள் 10 பாகை வரை திரும்புவதால் அவ்வளவு நீளமான கார் 11 மீட்டருக்குள் வட்டமடித்துவிடும் என்பதை விமான நிலைய நிறுத்தத்தின் நெருக்கடியிலேயே கண்டேன். ஒவ்வொரு முகப்பு விளக்கிலும் 13 லட்சம் நுண்ணாடிகள் ஒளியை வெட்டி வடிவமைக்க, எதிரே வருபவரின் கண் கூசாமல் மற்ற இடமெல்லாம் வெளிச்சமாகவே இருந்தது. பக்கவாட்டில் ஒரு வாகனம் மோதப்போகிறது என்று உணர்ந்தால், உரிய சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட காரின் உடல் ஒரு நொடியின் பத்தில் சில பங்கு நேரத்துக்குள் 80 மில்லிமீட்டர் வரை மேலெழும். மெல்லிய கதவுக்குப் பதிலாகக் கதவுக்குக் கீழுள்ள உறுதியான அடிச்சட்டம் அடியைத் தாங்கும். பள்ளம் மேடுகளை விழுங்கிப் பயணியைத் தாலாட்டுவதற்காக உருவாக்கிய அதே சஸ்பென்ஷன்தான் இந்த வேலையையும் செய்கிறது. 2022 மே மாதம் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த டிரைவ் பைலட், நெரிசலான நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டும் பொறுப்பையே காரிடம் ஒப்படைத்தது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

பின் இருக்கையில் அமர்ந்தவனுக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது, முன்னிருக்கைகளின் முதுகுக்குள் மறைந்திருக்கும் பின்பயணிகளுக்கான ஏர்பேக். இது சாதாரண ஏர்பேக் போல் முழுவதும் வாயுவால் வெடித்து விரிவதில்லை. ஒரு குழாய்ச்சட்டம் மட்டும் வாயுவால் விறைத்து நிற்க, கூடாரத்துணி போல் அதனிடையே விரியும் பகுதி சுற்றியுள்ள காற்றையே உள்வாங்கி நிரம்புகிறது. பின்னால் குழந்தையோ முதியவரோ எந்த நிலையில் அமர்ந்திருப்பார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், மென்மையாக விரியும் பைதான் அங்கே ஏற்றது.

இத்தனையும் பெல்ட்டை மாட்டியவருக்குத்தான் பயன்படும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 1997 ஆகஸ்டு 31 அன்று பாரிஸ் சுரங்கப் பாதையில் இளவரசி டயானா பயணம் செய்த காரும் ஒரு டபிள்யூ 140 எஸ் கிளாஸ்தான்; அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்பதை 2008-இல் லண்டனில் நடந்த மரண விசாரணையின் நடுவர்கள் குறிப்பிட்டனர். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோது அவர் அமர்ந்திருந்ததும் பின் இருக்கையில்தான். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை கூறியது. முன்னால் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தனர். புனேக்கு அருகிலுள்ள சாக்கனில் எஸ் கிளாஸை ஒருங்கிணைத்து விற்கும் நாட்டில், அதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் அமரும் இடமும் பின் இருக்கையே. முன்னோக்கிய பின் இருக்கையில் அமர்ந்தவரும் பெல்ட் அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138(3) நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பயணத்துக்குச் சில வாரங்களுக்குப் பின் ஊருக்கு வந்தபோது, சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு வாடகைக் காரில் என் அம்மாவோடு புறப்பட்டேன். பின் இருக்கையில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது, கொக்கியைத்தான் காணவில்லை. "சார், பின்னாடி யாரும் போட மாட்டாங்க, அதான் கவருக்கு அடியில போயிடுச்சு" என்றார் ஓட்டுநர். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் இறங்கி வந்தார்; இருவரும் இருக்கை உறையின் முடிச்சுகளை அவிழ்த்து, மெத்தையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு இரண்டு கொக்கிகளையும் வெளியே எடுத்தோம். உறையில் அவற்றுக்கு வழிவிட, கத்தரிக்கோல் வாங்கிவர அவரே பக்கத்துக் கடைக்குப் போனார்.