காற்றாடிமலையில் அப்பாவின் நேர்ச்சை

இரவு செபமாலை முடிந்ததும் அப்பா வரிசையாகப் புனிதர்களைக் கூப்பிடுவார். செபப் புத்தகத்தில் இல்லாத ஒரு பெயரைக் கடைசியில் தாமாகச் சேர்த்துக்கொள்வார்: "தேவசகாயம் பிள்ளையே, எங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும்." திருவிதாங்கூரில் கிறிஸ்தவரானதற்காகக் கொல்லப்பட்டவர் அவர். அந்த நாட்களில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம்கூட வந்திருக்கவில்லை. "ரோமாபுரி சொல்லும்போது சொல்லட்டும், நமக்கு அவர் எப்போதோ புனிதர்" என்பார். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராக அறிவித்தபோது அந்தப் பெருங்கூட்டத்தில் நின்று அழுதார். அன்றைக்கே ஒரு நேர்ச்சையும் வைத்தார். புனிதர் பட்டம் கிடைத்ததும் கோட்டாற்றிலுள்ள அவர் கல்லறையிலிருந்து, அவர் சுடப்பட்ட காற்றாடிமலைவரை செருப்பில்லாமல் நடக்க வேண்டும். அங்கிருந்து அம்மாவை, அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்தபோது அப்பா போய் ஓராண்டு ஆகியிருந்தது. அம்மா சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, துடைத்து, நாற்காலியில் தொலைக்காட்சியைப் பார்த்தாற்போல் வைத்தார். "பாருங்கள், உங்கள் ஆளைச் சொல்லிவிட்டார்கள்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு அம்மாவின் கால் எலும்பு முறிவு, என் வேலை, ஏதேதோ காரணங்கள். இந்த ஜனவரியில்தான் ஆண்டவர் வழி விட்டார்.

அவர் திருநாளுக்கு முந்தைய 13ஆம் தேதி இரவே கோட்டாறு சவேரியார் கோவிலுக்குப் போய்விட்டோம். கல்லறையில் தலை வைத்துக் கும்பிட்ட பிறகு அம்மா கையை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் அம்மாவின் தோளைத் தாண்டிக் கையை நீட்டிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் கோபப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாலை மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கினேன். அம்மாவை மைத்துனர் காரில் தோவாளைக்கு அழைத்து வந்தார். கால் மணி நேரத்துக்குள் சரளைக்கல் உள்ளங்காலைப் பதம் பார்த்துவிட்டது. இதைப் பெரிதாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேவசகாயம் பிள்ளையை எருமைமேல் பின்பக்கமாக உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக அடித்துக்கொண்டே இழுத்துப்போனார்கள். காயத்தில் மிளகாய்ப் பொடி. பெருவிளையில் மாதக்கணக்கில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து முழங்கையால் இடித்த பாறையில் இன்றும் தண்ணீர் ஊறுகிறது. அப்பா இதையெல்லாம் சொல்லும்போது குரல் உயர்த்த மாட்டார். சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

தோவாளைப் பூச்சந்தையில் அந்த நேரத்திலேயே கால் வைக்க இடமில்லை. பொங்கல் நேரமாதலால் பிச்சிப்பூ கைக்கு எட்டாத விலை. நான் அரளி மாலை வாங்கலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. "எருக்கம்பூ போட்டு அவமானப்படுத்தினார்களே ஐயா, நாம் பிச்சிதான் கொண்டுபோக வேண்டும்" என்றார். கட்டிய சரமாக வாங்கி, வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பா போன பிறகு அம்மா கையால் பூ வாங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நடக்கும்போது எனக்குள் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் என்று சொல்லும்போது வனாந்தரத்துத் துறவி மாதிரி ஒருவர்தான் மனதில் வருகிறார். இவர் துறவியல்லர், குருவானவரும் அல்லர். இந்தியாவில் பொதுநிலையினரிலிருந்து புனிதரான முதல் ஆள். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர், மனைவியோடு வீடு வாசல் என்று வாழ்ந்தவர். ஆடுமாடு செத்து, விளைச்சல் அழிந்து, மனம் உடைந்து இருந்தபோது டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் ஆண்டவரை விடாத யோபுவின் கதையை வேதத்திலிருந்து சொன்னார். குளச்சல் போரில் 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் அந்த டிலனாய். தாமே எல்லாம் இழந்து அந்நிய ஊரில் நின்றவர். வீட்டுக்காரனின் கவலை வழியாகத்தான் ஆண்டவர் தேவசகாயத்தைத் தொட்டார். அப்பாவுக்கு அவர்மேல் அவ்வளவு பற்று வந்ததற்கும் இதுதான் காரணம் என்று தோவாளை தாண்டி நடக்கையில் எனக்கு உறைத்தது. மில் மூடி எட்டு மாதம் சம்பளமில்லாத காலத்தில்தான் அப்பா அந்தப் பெயரைச் செபத்தில் சேர்க்கத் தொடங்கினார்.

ஆரல்வாய்மொழியில் விடிந்தது. காற்றாலைகள் மெல்லச் சுற்றின. வியாகுல மாதா கோவிலை நெருங்கும் முன்பே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாத தூரத்துக்கு முந்நூறு ரூபாய் கேட்டார்கள். மெழுகுதிரி விற்பவர் ஒருவர் வேண்டாம் என்ற பிறகும் அம்மாவின் கையில் கட்டைத் திணித்துவிட்டு, பணம் தராமல் போகக்கூடாது என்று வழிமறித்தார். வேதசாட்சி ரத்தம் சிந்திய மண்ணில், நேர்ச்சைக்கு வருகிற வயதானவர்களிடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது? திருவிழா நாளிலாவது இதைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டாமா?

மலையேறும்போது அம்மா என் தோளைப் பிடிக்க மறுத்துவிட்டார். நாலு எட்டு வைப்பார், நிற்பார், ஓர் அருள்நிறைந்த மரியே சொல்வார், மறுபடி நாலு எட்டு. இளைஞர்கள் முண்டியடித்து எங்களைத் தாண்டி ஓடினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் மட்டும் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கடைசிவரை அம்மாவுக்குப் பின்னால் ஏறினார், விழுந்தால் பிடிப்பதற்காக.

சுடப்படுவதற்கு முன் செபிக்க நேரம் கேட்டு அவர் முழந்தாளிட்ட பாறை. முழங்காலும் முழங்கையும் பதிந்ததாகத் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவரும் இடம். அம்மாவால் முழந்தாளிட முடியாது. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தில் விரல்களை வைத்தார். காலை வெயிலில் பாறை இளஞ்சூடாக இருந்தது. கூட்டம், ஒலிபெருக்கி, தள்ளுமுள்ளு எதுவும் அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த அம்மாவுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அவர் மனைவி ஞானப்பூ அம்மாளுக்கு. ஜனவரி 14 அன்று அவரை இங்கே சுட்டுக் காட்டில் போட்டுவிட்டார்கள். சில நாள் கழித்துத்தானே எலும்பைப் பொறுக்கிக் கோட்டாறுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாளெல்லாம் அவள் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்?"

1752இல் நடந்தது அது. எனக்கோ மருத்துவமனையிலிருந்து இரவு இரண்டு மணிக்கு வந்த தொலைபேசி அழைப்புதான் நினைவுக்கு வந்தது. உடலைப் பார்க்க எங்களை விடவில்லை. மூட்டையாகக் கட்டித்தான் கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாளைப் பற்றி அம்மா இதுவரை வாய் திறந்ததில்லை. அந்தப் பாறைமேல் உட்கார்ந்துதான் முதல்முறையாக விம்மி அழுதார். நானும் அழுதேன். கர்த்தாவே, அழுவதற்கென்றே எங்களை இங்கே கொண்டுவந்தீரா? அப்பா நேர்ந்துகொண்டது தமக்காக அல்ல, எங்களுக்காகத்தானா? ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை.

மணியடிச்சான் பாறையில் வரிசை நீண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் அம்மா ஒரு கல்லை எடுத்து மெதுவாகத் தட்டினார். கணீரென்றது. அவர் உயிர் போனபோது உடைந்து விழுந்த பாறை இது, அதனால்தான் துக்கமணி ஓசை என்பார் அப்பா. அம்மா மூன்று முறை தட்டிவிட்டுக் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார். பிச்சிச் சரத்தை நடுவில் கிள்ளி, ஒரு பாதியை அங்கே வைத்தார். மறுபாதி திரும்பவும் வாழையிலைக்குள் போயிற்று.

வடக்கன்குளத்துக்குக் காரில் போனோம். கணவாயைத் தாண்டியதும் பனைமரங்களும் செம்மண்ணும் வந்துவிட்டன. திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த இந்த ஊரில்தான் 1745 மே மாதம் குருவானவர் புத்தாரி சுவாமியிடம் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்ட பிறகு இங்கேயே வந்து பதினான்கு ஆண்டுகள் விதவையாக இருந்து, 1766இல் கண்மூடினார். கோவிலின் பெயர் திருக்குடும்ப ஆலயம். மலையில் பார்த்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கும் இங்கே இல்லை. அன்று அது எங்களுக்கு நல்லதாயிற்று.

ஞானப்பூ அம்மாள் அடக்கமான மண்ணில் அம்மா வாழையிலையைப் பிரித்தார். பிச்சிப்பூ கொஞ்சம் வாடியிருந்தது, மணம் போகவில்லை. சரத்தை வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு பூவைக் கிள்ளி எடுத்துச் செபப் புத்தகத்தில், அப்பாவின் நினைவு அட்டை இருக்கும் பக்கத்தில் வைத்து மூடினார்.

"வா ஐயா, பஸ் கூட்டம் வருவதற்குள் சாப்பிட்டுவிடலாம்" என்று சொல்லி, முன்னால் நடந்தார்.